லீவு முகாமும் ‘இல்லை’ என்று நிரப்பிய படிவங்களும்

ஆவணி லீவில் பிள்ளைகளுக்கான வதிவிட முகாமில் ‘அக்கா’ வேலைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகளால் வந்த கரைச்சலை விடப் படிவங்களால் வந்த கரைச்சல்தான் எனக்கு அதிகம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்துக்கொண்டிருந்த காலம் அது. 9 முதல் 12 வயது வரையான பெண்பிள்ளைகள் குழு ஒன்றுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். விண்ணப்பம், நேர்முகம், முதலுதவி வகுப்பு எல்லாம் சுகமாக முடிந்தன. விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், எடுக்கவேண்டிய நற்சான்றிதழில்தான் மாட்டிக்கொண்டேன்.

பிள்ளைகளோடு இரவு தங்கி வேலை செய்கிறவரிடம் நற்சான்றிதழ் கேட்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கள் குடும்பம் 1990 இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. நான் பிறந்ததும் வளர்ந்ததும் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில். இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டால் ஊருக்குப் போய்விடுவோம் என்ற நம்பிக்கையில் அப்பா வாக்காளர் பதிவை மாற்ற விடவேயில்லை. சான்றிதழ்ப் படிவத்திலோ வாக்காளர் இடாப்பு விபரம் என்று ஒரு வரி இருக்கிறது. நாங்கள் இருக்கும் பிரிவின் விதானையார் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, “உம்மடை பேர் இஞ்சத்தை இடாப்பிலை இல்லையே பிள்ளை. பேர் இருக்கிற இடத்திலை போய் எடும்” என்றார். பஸ் பிடித்து ஊர்ப் பக்கம் போனால் அங்கே உள்ளவர், “நீர் இஞ்சை இருக்கிறேல்லை. காணாத பிள்ளையை நல்ல பிள்ளை எண்டு நான் எப்பிடி எழுதிறது?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

கடைசியில் வேலை செய்தவை மூன்று கடதாசிகள்: வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம், அந்த வீட்டு மின்சார பில்லின் போட்டோக்கொப்பி, என்னுடைய பாடசாலை விடுகைப் பத்திரம். படிவத்தில் வதிவை உறுதிப்படுத்தும் வேறு சான்றுகள் என்று ஒரு இடம் இருக்கிறது. அதை விதானையாருக்கு நீங்களே காட்டுங்கள். இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் இந்த மூன்றையும் முதல் நாளே கையில் கொண்டுபோவது நல்லது.

அப்புறம் பிரதேச செயலகத்தில் மேலொப்பம். அங்கே மேசையில் இருந்தவர் ‘நோக்கம்’ என்ற இடத்தில் ‘விடுமுறை முகாம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, “எந்தத் திணைக்களத்தின்ரை முகாம்?” என்றார். தனியார் அமைப்பு என்றேன். அவர்களுடைய கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். கடிதத்தோடு போன அன்று அந்தக் கதிரையில் வேறொருவர் இருந்தார், கடிதத்தைப் பார்க்கவேயில்லை, உள்ளே அனுப்பிக் கையொப்பம் வாங்கித் தந்துவிட்டார். ‘நோக்கம்’ என்ற இடத்தில் ‘தொழில் நிமித்தம்’ என்று எழுதுங்கள். அதுவும் உண்மைதான், கேள்வியும் வராது. மேலொப்பம் வைத்த நாளிலிருந்து 6 மாதம்தான் அது செல்லும் என்பதால் அவசரப்பட்டு முன்கூட்டியே எடுத்தும் வைக்காதீர்கள்.

ஆக, என் ஒழுக்கத்துக்கு இத்தனை கையொப்பம், இத்தனை சீல். என்னிடம் ஒப்படைத்த பிள்ளைகளின் உடம்பைப் பற்றி அவர்களுடைய படிவத்தில் இருந்ததோ ஒரே வரி: ‘நோய்கள் ஏதும் உண்டா?’ ஏறத்தாழ எல்லாத் தாய் தகப்பனும் அதற்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ‘இல்லை’யை யாரும் எங்கும் சரிபார்க்கவில்லை.

முகாம் ஒரு பாடசாலையில். லீவுக்குப் பூட்டிக் கிடந்த வகுப்பறைகள், சோழகக் காற்று வாரிக்கொண்டு வந்து கொட்டிய புழுதி. பின்னேரம் பிள்ளைகளை வைத்தே கூட்டினோம். இரவு நுளம்புக்குத் திரி கொளுத்தினோம். புழுதியும் புகையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று இழுப்புக்காரப் (ஆஸ்துமா) பிள்ளை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். நடுச்சாமம் தாண்டி ஒரு பிள்ளை எழும்பிக் குந்திக்கொண்டு தோள் இரண்டும் ஏறி இறங்க மூச்சு வாங்கியது. பம்ப் இருக்கிறதா என்று கேட்டால் வீட்டில் என்று சைகை காட்டியது. படிவங்கள் கந்தோர் அலுமாரிக்குள், திறப்பு முகாம் பொறுப்பாளரோடு அவருடைய வீட்டில். நல்லகாலம், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் அம்புலன்ஸ் தாமதிக்காமல் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்ததும் பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிட்டது. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. தாய் தொலைபேசியில் சொன்னது: “அது சின்னனிலையிருந்து இருக்குது தங்கச்சி. எழுதினா எடுக்கமாட்டியள் எண்டு நினைச்சன்.”

அடுத்த நாள் காலை தேகாப்பியாசத்தை மற்ற அக்காவிடம் விட்டுவிட்டு என் குழுவில் இருந்த எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் அழைத்தேன். ‘நோய் உண்டா’ என்று கேட்கவில்லை, கடைசியாக எப்போது மருந்து எடுத்தது என்று கேட்டேன். ஒருத்திக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. எங்கள் பின்னேரச் சிற்றுண்டிப் பட்டியலில் கச்சான் அல்வா இருந்தது! இன்னொருத்தி நித்திரையில் எழும்பி நடப்பாளாம், பாடசாலை வளவிலோ கட்டுத் தாழ்ந்த கிணறு. எல்லாவற்றையும் விட, ஒரு பிள்ளையின் பையில் ‘விற்றமின்’ என்று தாய் கையால் எழுதி ஒட்டிய போத்தலில் இருந்தவை வலிப்புக் குளிசைகள். விற்றமின்தானே, ஒரு நாள் விட்டால் என்ன என்று அந்த இரவு நாங்கள் யாரும் அதை நினைவூட்டியிருக்கவில்லை. வலிப்புக் குளிசையை எடுக்காமல் விட்டால் அடக்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம். “பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஊர் கதைக்கும். உங்களிட்டைச் சொன்னனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ” என்று அந்த அம்மா அழுதார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. இப்படிக் கதைக்கிற ஊரில்தானே நானும் இருக்கிறேன்.

திரியை அன்றே நிறுத்தினோம், நுளம்புவலை கட்டினோம், கூட்டுமுன் தண்ணீர் தெளித்தோம். கிணற்றுப் பக்கக் கதவுக்கு உள்பூட்டுப் போட்டுத் திறப்பை நான் கழுத்தில் கொழுவிக்கொண்டேன்.

படுக்கையில் சலம் போகும் பிள்ளைகள் எந்த முகாமிலும் இருப்பார்கள், பத்து வயதிலும் இருப்பார்கள். யார் என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு முகாம் அதோடு முடிந்தது. நாங்கள் ஒரு சட்டம் போட்டோம்: காலையில் எல்லாருமே பாயையும் விரிப்பையும் வெளியே வெயிலில் போடவேண்டும், அழுக்கு விரிப்பை யாரும் கேள்வி கேட்காத ஒரு வாளிக்குள் போடலாம். முகாம் முடியும்வரை ஒரு பெயரும் வெளியே வரவில்லை. இந்த முகாமில் நான் பெருமைப்படுகிற விஷயம் அதுதான், மேடையில் ஆடிய நடனம் இல்லை. ஒரு பிள்ளையோடு நாம் தனியே ஒதுங்கக்கூடாது என்ற விதி இரவிலும் பொருந்தும், ஆகவே மலசலகூடத்துக்குக் கூட்டிப்போக இன்னொரு அக்காவையும் எழுப்புங்கள். எழும்பப் பஞ்சிப்படுவார்கள், விடாதீர்கள்.

வீட்டு நினைவு மைம்மல் பொழுதில்தான் வரும். அந்த நேரத்தை வெறுமையாக விடாமல் விளையாட்டால் நிரப்புங்கள். அழுகிற நேரத்தில் அம்மாவோடு கதைக்க விட்டால் அழுகை இரட்டிக்கும், மத்தியானத்தில் கதைக்க விடுங்கள். “ஏலாட்டி உடனை வந்து கூட்டிக்கொண்டு போறன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகும் அப்பாக்களை வாசலிலேயே மறியுங்கள். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளை ஒவ்வொரு இரவும் கேட்கும்.

நெடுந்தீவுப் பயணம் வீணானது. விடியவே பிள்ளைகளைக் கிளப்பிக் குறிகட்டுவான் ஜெட்டி வரை போனோம், காற்று அதிகம், படகு விடமாட்டோம் என்றார்கள். சோழகக் காலத்தில் இது நடக்கும், முதல் நாளே ஜெட்டியில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் போடவில்லை. திரும்பும் வழியில் வேலணைச் சாட்டிக் கடற்கரையில் இறக்கினோம். முழங்காலளவு தண்ணீர், இரண்டிரண்டு பேராகச் சோடி, விசில் ஊதினால் சோடியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டவேண்டும். நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கவில்லை என்று அழுதவர்கள் அதிலேயே அதை மறந்துபோனார்கள்.

ஆவணி என்றால் நல்லூர்த் திருவிழா. அந்த 25 நாளும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை என்பதால் சமையலும் சைவம்தான், கரையோரப் பிள்ளைகள் மீன் கேட்டு முகத்தைத் தூக்கினார்கள், அது பரவாயில்லை. தேரன்று காலைதான் பிரச்சினை. ஒருவர் வாகனத்தோடு வந்து, தான் இன்ன பிள்ளையின் மாமா, தேருக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றார். கூட்டிச்செல்ல அனுமதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. “நான் கனடாவிலையிருந்து வந்து நிக்கிறன். என்ரை மருமகளைக் கூட்டிக்கொண்டு போக உங்களிட்டை அனுமதி கேக்கவேணுமோ?” என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். பிள்ளையும் “மாமா” என்று ஓடிவருகிறது. பொறுப்பாளர் தளம்பத் தொடங்கினார். தொலைபேசியில் வந்த பெண்குரல், அண்ணன்தான், விடுங்கள் என்றது. குரலை வைத்து நான் யாரை அடையாளம் காண்பது? தாயோ தகப்பனோ நேரில் வந்து கையொப்பம் வைத்தால்தான் விடுவேன் என்று நின்றேன். தாய் ஓட்டோவில் வந்து இறங்கி, ஒரு சொல் கதைக்காமல் கையொப்பத்தைக் கிறுக்கிவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார். தேர் இருப்புக்கு வந்த பிறகுதான் அவர்கள் போய்ச் சேர்ந்தார்களாம். அந்தப் பார்வை இன்னும் குத்துகிறது. என்றாலும் நாளை இன்னொரு மாமா வந்தாலும் இதையேதான் செய்வேன்.

முகாம் முடிந்து நடந்த கூட்டத்தில் எல்லாரும் சாப்பாட்டைப் பற்றியே கதைத்தார்கள். நான் அந்த ஒற்றை வரியை மாற்றச் சொல்லி நின்றேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். இப்போது படிவத்தில் இருப்பவை: கடைசியாக இழுப்பு வந்தது எப்போது? தினமும் எடுக்கும் குளிசை எது, எத்தனை மணிக்கு? எதைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது? இரவில் எழுப்பவேண்டுமா? ‘உண்டா’ என்று கேட்டால் ‘இல்லை’தான் வரும், ‘எப்போது’ என்று கேட்டால் ஒரு மாதமாவது வருகிறது.

மார்கழி முகாமில் இதைச் செய்து பார்த்தோம். (என் சான்றிதழின் 6 மாதம் அதற்குள் முடியாததால் விதானையாரிடம் மறுபடி போகவேண்டி வரவில்லை.) படிவத்தை வாங்கி வைத்துவிடாமல் வாசலில் ஒரு மேசை போட்டுத் தாயோடு இருந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்து நிரப்பினோம். தகப்பன்மாரைப் பை இறக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள், தகப்பனுக்கே தெரியாத குளிசைகளும் இருக்கின்றன. பதில்களை ஒரு கொப்பியில் எழுதி, இரவுக் கடமைக்கு நிற்கும் அக்காவின் கையில் கொடுங்கள். கந்தோர் அலுமாரியில் வைத்துப் பூட்ட விடாதீர்கள்.