கிளைக்குப் பொறுப்பாளர் தேடுவது பிப்ரவரி மாத வேலை

"சும்மா பேரு மட்டும் இருக்கட்டும் சார், வேலையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்." வடிவமைப்பாளர் சங்கக் கிளைகளில் செயற்குழுவுக்கு ஆள் சேர்க்கும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கிளை படுத்துப்போவதும் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அப்படிச் சேர்ந்தவர் முதல் கூட்டத்துக்கு வருவார். இரண்டாவது கூட்டத்தன்று வாட்ஸ்அப்பில் வருத்தம் தெரிவிப்பார். மூன்றாவதில் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) இருக்காது. அவர் மேல் தப்பில்லை. வேலை இல்லை என்று சொல்லித்தானே அழைத்தோம்?

பொதுக்குழுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆள் தேடினால் வேறு எதையும் சொல்லி அழைக்க முடியாது. அதனால் முதலில் நாள்காட்டியைச் சரிசெய்ய வேண்டும். கணக்காண்டு மார்ச் 31-ல் முடிகிறது, தணிக்கைக்கு இரண்டு மாதம் போகும், ஜூன் கடைசி ஞாயிறு பொதுக்குழுவுக்குத் தோதான நாள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். துணைவிதி, அதாவது சங்கத்தின் உள்விதிகள், 21 நாள் அறிவிப்பு கேட்டால் ஜூன் முதல் வாரத்துக்குள் வேட்பாளர் பட்டியல் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். மே நடுவில் வேட்புப் படிவம் வாங்குவது முடிய வேண்டும். மார்ச், ஏப்ரல் இரண்டும் நேரில் பேசுவதற்கு. ஆக, வேட்பாளர்களைத் தேடும் நியமனக் குழு பிப்ரவரியிலேயே உட்கார்ந்தாக வேண்டும்.

சில கிளைகள் நவம்பர், டிசம்பரில் பொதுக்குழு வைக்கின்றன. புதுச்சேரி, கடலூர் பக்கம் அது சரிவராது. அது காலண்டர், டைரி வேலை குவியும் பருவம், அச்சகங்களில் இரவெல்லாம் விளக்கு எரியும். மழையும் இருக்கிறது. தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் இந்தக் கரையில்தான் ஏறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. தேதியைத் தள்ளிவைத்தால் அறிவிப்புக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நியமனக் குழுவுக்கு மூன்று பேர் போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். முன்னாள் பொறுப்பாளர் ஒருவர், இந்த முறை போட்டியிடாத இப்போதைய செயற்குழு உறுப்பினர் ஒருவர், செயற்குழுவுக்கு வெளியே இருக்கும் சாதாரண உறுப்பினர் ஒருவர். மூன்றாமவர் கடலூர்க்காரராக இருந்தால் நல்லது. புதுச்சேரிக் கிளை என்று பெயர் இருந்தாலும் உறுப்பினர்கள் கடலூர், நெல்லிக்குப்பம் வரை பரவியிருப்பார்கள். அங்கே யார் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியாது. நடப்புத் தலைவர் இந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்கக் கூடாது. எவ்வளவு நல்ல மனசோடு செய்தாலும் தன்னோடு ஒத்துப்போகிறவர்களையே அவர் கண் தேடும். இந்தக் குழுவில் இருப்பவர் வேட்பாளராக நிற்கவும் கூடாது. நிற்க ஆசை வந்தால் முதல் கூட்டத்துக்கு முன்பே விலகிக்கொள்ளட்டும்.

குழு கூடியதும் பெயர்களைப் பேச ஆரம்பிப்பார்கள். அதை நிறுத்திவிட்டு முதலில் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் அரைப் பக்கம் வேண்டும்: என்ன செய்ய வேண்டும், எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டு, கைக்காசு எவ்வளவு போகும். அறுபது எழுபது உறுப்பினர் இருக்கும் கிளையில் தலைவருக்கு வாரம் ஐந்து மணி நேரம், செயலாளருக்கும் அதே அளவு என்று வைத்துக்கொள்ளலாம். பொருளாளருக்கு மாதம் எட்டு மணி நேரம், ஏப்ரலில் மட்டும் அதைப்போல இரண்டு மடங்கு. நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கு நிகழ்ச்சி வாரத்தில் மூச்சு விட நேரமிருக்காது, மற்ற வாரங்களில் ஒன்றுமிருக்காது. சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு இது ஒத்துவரும். ஏஜென்சியில் சம்பளத்துக்கு இருப்பவருக்குக் கஷ்டம். பெட்ரோல், சாப்பாடு, போன் செலவைக் கிளை திருப்பித் தருமா, எந்த அளவு வரை என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டே பல இளம் வடிவமைப்பாளர்கள் மறுத்துவிடுகிறார்கள்.

யாரைத் தேடுவது? விருது வாங்கியவரைத் தலைவராக்குவதுதான் வழக்கமான தவறு. நல்ல லோகோ போடும் கைக்கும் கூட்டத்தை நேரத்தில் முடிக்கும் பொறுமைக்கும் தொடர்பில்லை. நிகழ்ச்சிகளின் வருகைப் பதிவேட்டை எடுத்து இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறைக்கு மேல் வந்தவர்களைக் குறியுங்கள். அதில் முன்னதாக வந்து நாற்காலி போட்டவர் யார், முடிந்தபின் புரொஜெக்டரைச் சுருட்டி வைத்தவர் யார், சொன்ன தேதியில் பேச்சாளரின் படத்தை அனுப்பியவர் யார் என்று பாருங்கள். பட்டியல் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சுருங்கிவிடும். அதன்பின் விடுபட்டவர்களை நினைத்துப் பாருங்கள். ஆரோவில் பக்கம் பொருள் வடிவமைப்பு செய்பவர்கள், ஊதுபத்திப் பெட்டிக்கும் தோல் பைக்கும் பேக்கேஜிங் செய்பவர்கள், பெயர்ப்பலகைக் கலைஞர்களாக இருந்து கணினிக்கு வந்தவர்கள், கல்லூரி ஆசிரியர்கள். தெருப் பெயர்ப்பலகையே தமிழும் பிரெஞ்சுமாக நிற்கிற ஊரில் வேட்புப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் போனால் இவர்களில் பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். தமிழிலும் அச்சிடுங்கள்.

அரசுக் கல்லூரி ஆசிரியரிடம் பேசும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 15-ஆம் விதிப்படி, ஒரு சங்கத்தில் தேர்தல் வழி வரும் பதவியை ஏற்க முன் அனுமதி வேண்டும். புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கும் அந்த விதிகள்தான். அனுமதிக் கடிதம் வர நாளாகும் என்பதால் மார்ச்சிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கேட்பது ஒரு கலை. குழுச் செய்தியில் "யாராவது வரீங்களா?" என்று போட்டால் கட்டைவிரல் படங்கள்தான் வரும். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்துக் கேட்க வேண்டும், அதுவும் எழுதிய அரைப் பக்கத்தைக் கையில் கொடுத்து. "அக்கா, செயலாளர் பொறுப்புக்கு உங்க பேரைச் சொல்லியிருக்காங்க. போன வருஷம் மாணவர் பட்டறையை நீங்க நடத்தின விதத்தைப் பாத்துத்தான் சொன்னாங்க. ரெண்டு வருஷம், மாசம் ரெண்டாவது சனிக்கிழமை கூட்டம், நடுவுல வாரத்துக்கு அஞ்சு மணி நேரம் வேலை இருக்கும். இப்பவே பதில் வேணாம், ஒரு வாரம் யோசிச்சுச் சொல்லுங்க." இவ்வளவு போதும். ஏன் அவரை நினைத்தோம் என்ற காரணம் குறிப்பாக இருக்க வேண்டும். வெறும் புகழ்ச்சியாக இருந்தால் ஆள் கிடைக்காமல் கேட்கிறார்கள் என்று உடனே புரிந்துகொள்வார். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். "அடுத்த வருஷம் கேக்கலாமா?" என்று கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அந்தக் குறிப்பு அடுத்த குழுவுக்குப் பெரிய உதவி. கடலூரிலிருந்து வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்பதாக இருக்கும். இருபது கிலோமீட்டருக்கு மேல் இரவில் பஸ்ஸில் திரும்ப வேண்டும். மூன்று கூட்டத்தில் ஒன்று கடலூரில் என்றால் பதில் மாறலாம்.

படிவம் ஒரே பக்கம்: பெயர், உறுப்பினர் எண், சந்தா கட்டிய தேதி, பொறுப்பு, முன்மொழிபவர், வழிமொழிபவர், வேட்பாளரின் சம்மதக் கையெழுத்து, நூறு சொல்லில் செய்ய நினைப்பது. பெரும்பாலும் தள்ளுபடியாவது முன்மொழிபவரின் சந்தா பாக்கியால்தான். பரிசீலனை நாளில் இது தெரிந்தால் மனக்கசப்பு நிச்சயம். படிவம் கொடுக்கும் முன்பே பொருளாளர் பாக்கிப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். சம்மதக் கையெழுத்து இல்லாத படிவத்தை யாருடையதானாலும் ஏற்காதீர்கள். அச்சகம் நடத்துபவர், நிகழ்ச்சி ஏற்பாட்டுத் தொழில் செய்பவர் நின்றால் அதையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர் நிற்பதில் தவறில்லை. கிளையின் வேலை அவர் கடைக்குப் போகும் பேச்சு வரும்போது அவர் வெளியே இருக்க வேண்டும், மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டும், இரண்டும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும்.

ஒரு பொறுப்புக்கு யாருமே வரவில்லை என்றால் காலியாக விடுங்கள். துணைவிதி இடம் கொடுத்தால் செயற்குழு பின்னர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அரை மனதோடு வந்தவரை இரண்டு ஆண்டு சுமப்பதைவிட அது எவ்வளவோ மேல். எல்லாருடைய காலமும் ஒரே நாளில் முடியாதபடி ஆண்டுக்குப் பாதிப் பேர் மாறும் ஏற்பாடும், துணைத் தலைவரே அடுத்த தலைவர் என்ற ஏற்பாடும் இருந்தால் தேடும் வேலை பாதியாகும்.

எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறீர்கள் என்பதைத் தேர்தலுக்கு முன்பே பாருங்கள். தாய்ச் சங்கத்தின் பதிவிலேயே கிளை இயங்கினால் அதன் துணைவிதிதான் கடைசி வார்த்தை. தனியாகப் பதிந்த சங்கமென்றால் கடலூரில் ஒன்று, புதுச்சேரியில் வேறொன்று. கடலூரில் பதிந்ததற்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975: செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மிகக் கூடாது, மாற்றத்தை ஏழாம் எண் படிவத்தில் மாவட்டப் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். புதுச்சேரியில் பதிந்ததற்கு 1860-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம். அதன் 4-ஆம் பிரிவுப்படி பொதுக்குழு முடிந்த 14 நாளுக்குள் நிர்வாகிகள் பட்டியல் பதிவாளரிடம் போக வேண்டும்.

வங்கிக்கும் இதே அவசரம். கையொப்பதாரர் மாற்றத்துக்குத் தீர்மான நகல், பதிவுச் சான்று, புதியவர்களின் பான், ஆதார் கேட்பார்கள். பழைய கையெழுத்து செல்லாது, புதியது ஏறவில்லை என்ற இடைவெளியில் அரங்க வாடகைக்குக்கூடக் காசோலை தர முடியாது. தீர்மானத்தின் வாசகத்தை வங்கிக் கிளையில் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டால் பொதுக்குழு நடந்த மறுநாளே கொடுத்துவிடலாம். கடைசியாக, கிளையின் மின்னஞ்சல், இன்ஸ்டாகிராம், இணையதளப் பெயர் மூன்றுக்கும் ஓடிபி யாருடைய கைபேசிக்குப் போகிறது என்று பாருங்கள். பதவி விட்டவரின் சொந்த எண்ணாக இருந்தால், அவர் அதே மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.