பைரவியின் வயிறு

மே 14
எங்க நாய் பைரவியோட மலம் மறுபடியும் அதே மாதிரி. வெளுத்த மஞ்சள், குவியல் குவியலா, மேலே எண்ணெய்ப் பளபளப்பு. சோற்றுப் பருக்கை முழுசு முழுசாக் கிடக்கு.

மே 15
கடைக்கார அக்கா: "இன்னாம்மா, நாய்க்கு சோறே போடறதில்லியா?" விலா எலும்பு தெரியுது, கேட்கத்தான் கேட்பாங்க. தெருவில் இருக்கிற மணியைவிட ரெண்டு பங்கு சாப்பிடறா பைரவி. மணிக்கும் அதே தயிர்சோறுதான், உடம்பு மின்னுது. ஞாயித்துக்கிழமை யாரோ கொட்டின ஆம்பூர் பிரியாணியில் வாய் வெச்சுட்டான். வெங்காயம் நாய் ரத்தத்துக்கு ஆகாதேன்னு ஓடிப்போய் விரட்டினேன்.

மே 17
டாக்டர் கணையமா இருக்கலாம்னு சொல்றார். ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு இது வம்சாவளியா வர்றது. செரிமான நொதி சுரக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுபோகுதாம். நமக்கு மாவுச்சத்து வாயிலேயே கரைய ஆரம்பிக்கும். நாய் எச்சிலில் அந்த நொதி இல்லைன்னே சொல்லலாம், எல்லாம் கணையம்தான் பார்க்கணும். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணுவோட நகல்கள் அதிகம்னு 2013-லேயே கண்டுபிடிச்சிருக்காங்க. நாய்க்கு நாய் எண்ணிக்கை மாறும், பனிப்பிரதேச நாயான ஹஸ்கிக்குக் குறைவு. ஆனா கணையமே சுரக்கலைன்னா எத்தனை நகல் இருந்து என்ன?

அம்மா, "சோறு ஆகலைன்னா கறி போடேண்டி"ங்கறாங்க. புரதத்துக்கும் கொழுப்புக்கும் அதே கணையம்தாம்மா. கேழ்வரகு, ஓட்ஸ், விலை அதிகமான அந்த மூட்டைத் தீனி எல்லாம் மாத்திப் பார்த்தாச்சே.

மே 18
ராத்திரி 8 மணிக்கே தட்டை எடுத்துட்டேன். ரத்தம் எடுக்க 12 மணி நேரம் வெறும் வயிறு. விடியக்காலையில் தன் மலத்தையே தின்னப் போனா. பிடிச்சு இழுத்துக்கிட்டே அழுதேன்.

மே 19
ரிசல்ட் வரலை.

மே 20
வரலை. கத்திரி வெயில், காட்பாடி ரோட்டில் கால் வைக்க முடியலை. எடை 19 கிலோ. வளர்ந்த பெண் ஷெப்பர்டுக்கு 22-க்குக் குறையக் கூடாது.

எதிர்வீட்டு லேப்ரடார் வந்து அவ தட்டை நக்கிட்டுப் போகுது. சில லேப்ரடாருக்கு பி.ஓ.எம்.சி. மரபணுவில் ஒரு துண்டு இருக்காது, அதனால பசி அடங்கவே அடங்காது. அது தின்னது உடம்பில் சேருது. இவளும் ஓயாம பசியில்தான் இருக்கா, ஒண்ணும் சேர மாட்டேங்குது. எம் பொண்ணுக்கு ஏன் இப்படி?

மே 22
வந்துடுச்சு. டி.எல்.ஐ., அதாவது கணையத்தோட நொதி ரத்தத்தில் எவ்வளவு இருக்குன்னு காட்டற சோதனை, 1.8. அளவு 2.5-க்குக் கீழே இருந்தாலே இந்த நோய்தானாம். பி12-ம் குறைவு. ஆயுசுக்கும் நொதிப் பவுடர். கேட்டதும் எனக்கு நிம்மதிதான் வந்தது. கடைக்கார அக்காகிட்ட நேரா போய்ச் சொன்னேன்: அவ வயித்துக்குப் போகுது, உடம்புக்குப் போகலை.

மே 23
பவுடரைச் சாப்பாட்டில் பிசைஞ்சு வெச்சேன். மோந்து பார்த்தா, தின்னுட்டா.

மே 26
பழுப்பு! கெட்டியா! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னு பார்த்தாங்க.

மே 27
பி12 ஊசி வியாழக்கிழமை. அடுத்த பவுடர் டப்பாவுக்கு இன்னிக்கே சொல்லி வெக்கணும், தீர்ந்துடக் கூடாது.