வாலைப் பிடித்துத் திருப்பிப் பார்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது பரிசளிப்பு விழாவோ விளையாட்டுப் போட்டியோ என் மனதில் வரவில்லை. பௌதிக ஆய்வுகூடத்து நீள மேசையும், அதன்மேல் ஒரு பிளேட் முறிந்து கிடந்த சின்ன ஹெலிகொப்டரும்தான் வந்தன.

2012ஆம் ஆண்டு. நாங்கள் உயர்தரக் கணிதப் பிரிவு. சுவிஸில் இருந்து மட்டக்களப்புக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், தான் பாவித்த ரிமோட் ஹெலியை விஞ்ஞான மன்றத்துக்குத் தந்துவிட்டுப் போனார். மேல் விசிறியின் பிளேட் ஒவ்வொன்றும் 325 மில்லிமீற்றர். மூன்று செல் லித்தியம் பற்றரி, 11.1 வோல்ற். வால் விசிறியின் பிளேட்டுகளைச் சாய்க்கும் குட்டி மோட்டரான வால் சேர்வோ மட்டும் எரிந்திருந்தது. கொழும்புக்குப் போன ஒராளிடம் சொல்லி வேறொன்று எடுப்பித்துப் பூட்டினோம். ரிமோட்டின் ஸ்ரிக்கை வலப்பக்கம் தள்ளினால் வால் மாறி வேலை செய்தது. புதுச் சேர்வோ எதிர்ப்பக்கம் சுற்றுகிற சாதி. ரிமோட்டிலேயே திசையை மாற்றிவிட்டோம். ஸ்ரிக் சொன்னபடி வால் கேட்டது. எல்லாம் சரி என்று நம்பினோம்.

அதிபர் அனுமதி எடுத்துத் தந்தார். கச்சான் காற்று எழும்பமுதல் பறக்கவிட வேணும் என்று ஒரு சனிக்கிழமை விடியவே மைதானத்துக்குப் போனோம். ரிமோட் என் கையில். ஹெலி ஒரு சாண் எழும்பியிருக்கும், மூக்கு இடப்பக்கம் வெட்டியது. ஸ்ரிக்கை வலப்பக்கம் முழுதாகத் தள்ளியும் கேட்கவில்லை. பம்பரம் போலச் சுழன்று சரிந்து மண்ணைக் கொத்தியது. முறிந்த பிளேட் மதிலடியில் போய் விழுந்தது. அந்தப் பக்கம் இரண்டு சின்னப் பொடியன்கள் நின்றவர்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும்.

எங்களுக்குப் படிப்பிக்கும் சேர் ஏசவில்லை. திங்கட்கிழமை பள்ளி விட்டபின் எங்களை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டார். முதல் வேலையாக மோட்டருக்குப் போகும் மூன்று வயர்களையும் கழற்றினார். “கை வைக்கிற நேரம் விசிறி சுத்தப்படாது மனே.” பற்றரியைக் கொழுவிவிட்டு ஒருவரையும் தொட விடவில்லை. ஹெலி திரும்புவதை உணர்ந்து வாலைத் திருத்தும் கருவியான ஜைரோ தன் நடுநிலையைப் பிடிக்கச் சில விநாடி ஹெலி அசையாமல் இருக்க வேணும்.

பிறகு கேட்டார்: “ஹெலிட மேல் விசிறி எந்தப் பக்கம் சுத்தும்?”

ஒருவருக்கும் தெரியவில்லை. ஹெலிச் சத்தம் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். சத்தம் கேட்டால் வீட்டுக்குள் ஓடினோமே தவிர, நின்று அண்ணாந்து பார்த்தவர் அந்த வகுப்பில் ஒருவரும் இல்லை. சேர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சோக்கால் மேசையில் இரண்டு வட்டம் கீறினார். அமெரிக்க பெல் ஹெலிகளுக்கு மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழி, ரஷ்ய எம்ஐ ஹெலிகளுக்கு வலஞ்சுழி. எங்களுடையதும் வலஞ்சுழி. விசிறி வலஞ்சுழியாகச் சுற்ற, உடம்பு இடஞ்சுழியாகத் திரும்பப் பார்க்கும், நியூற்றனின் மூன்றாம் விதி. அதைத் தடுத்துப் பிடிப்பதுதான் வால் விசிறியின் வேலை. சேர்வோவில் இருந்து அதற்குப் போகும் கம்பி முன்னும் பின்னும் நகர்ந்து அந்தப் பிடியைக் கூட்டிக் குறைக்கும்.

“இப்ப ஸ்ரிக்கை வலப்பக்கம் தள்ளு. வால் கம்பி எங்க போகுது?”

“பின்னுக்கு, சேர்.”

“விடு.” ஹெலியை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கை இடப்பக்கம் வெடுக்கென்று திருப்பினார். “காத்து இப்பிடித் தள்ளிப்போட்டுது. ஜைரோ மூக்கை எங்கால திருப்ப வேணும்?”

“வலப்பக்கம், சேர்.”

“அப்ப கம்பி பின்னுக்குத்தானே போக வேணும். வடிவாப் பார்.”

கம்பி முன்னுக்கு வந்திருந்தது. நெல்மணி நீளம்தான் இருக்கும். அந்த அசைவைக் கண்டபோது எனக்கு உடம்பு குளிர்ந்தது. மூக்கு இடப்பக்கம் போகப் போக, ஜைரோ அதை இன்னும் இடப்பக்கமே தள்ளியிருக்கிறது. ரிமோட்டில் நாங்கள் மாற்றியது ஸ்ரிக்கின் பேச்சை மட்டும். ஜைரோ, ரிமோட் சொல்வதை ஹெலியில் வாங்கும் ரிசீவருக்கும் சேர்வோவுக்கும் நடுவில் இருப்பது. தான் கண்ட திருப்பத்துக்கான திருத்தத்தை அது நேரே சேர்வோவுக்குச் சொல்லும், ரிமோட்டைக் கேட்காது. இரண்டு திசையையும் தனித்தனியே பார்க்க வேணும். முதலில் ஸ்ரிக், பிறகு ஜைரோ.

ஜைரோவின் விலாவில் ஒரு குட்டி ஸ்விட்ச். கவராய நுனியால் சேர் அதை மற்றப்பக்கம் தள்ளிவிட்டு ஹெலியை என்னிடம் தந்தார். திருப்பினேன். கம்பி பின்னுக்குப் போனது. ஏழு பேரும் ஆளுக்கொரு தரம் திருப்பிப் பார்க்கும்வரை அவர் பற்றரியைக் கழற்றவில்லை. “அவன் பாத்தான் எண்டு நீ பாக்காம விடாத. உன்ட கையால வாலைப் பிடிச்சுத் திருப்பிப் பார்.”

இப்போது நான் கனடாவில் லிப்ட் திருத்துகிறேன். புது மோட்டர் போட்டால் இணைக்குமுன் ஒரு கணம் மின்சாரம் கொடுத்து அது சுற்றும் பக்கத்தைப் பார்ப்பேன். கூட வேலை செய்பவர் பார்த்தாயிற்று என்று சொன்னாலும் பார்ப்பேன். அந்தப் பழக்கம் இந்த நாட்டில் வந்ததல்ல.

புதுப் பிளேட் வந்துசேர ஒரு மாதம் பிடித்தது. இரண்டாம் தரம் நாங்கள் போய்ச் சேரவே வெய்யில் ஏறிவிட்டது. சின்னப் பிள்ளைகளை மண்டப விறாந்தையில் இருத்திவிட்டு ஹெலியை எழுப்பினேன். ஆளுயரத்தில் நின்றது. அந்த நேரம் பார்த்துக் கச்சான் ஒரு வீச்சு வீசி மைதானத்துப் புழுதியை அள்ளியது. வால் ஒரு தரம் உதறியது. மூக்கு வேப்பமரத்தைப் பார்த்தபடியே நின்றது. நான் ஸ்ரிக்கைத் தொடவே இல்லை.

“காணும் மனே, இறக்கு,” என்றார் சேர். “பற்றரி முடியப் போகுது.”