கொண்டைக்கடலைப் பாத்தி: நாட்குறிப்பு

நவம்பர் 5

கொண்டைக்கடலை நாற்பது, மசூர் ஒரு கைப்பிடி. மசூர் என்றால் உடைத்த ஆரஞ்சுப் பருப்பு இல்லை, அது முளைக்காது. தோலோடு பழுப்பாக, முழுதாக இருப்பது. கடலையை மட்டும் ஊறப் போட்டேன். அம்மா கிண்ணத்துக்குள் கைவிட்டு, தடவித் தடவி எண்ணினாள். முப்பத்தொன்பது என்றாள். நானும் மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பதுதான்.

நவம்பர் 6

விடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டேன். கடலை நன்றாகப் பருத்திருந்தது, இதற்கு மேல் ஊறினால் மூச்சு முட்டி அழுகிவிடும். கடலையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில், விதைக்கு விதை 10 சென்டிமீட்டர் தள்ளி ஊன்றினேன். வரிசைக்கு வரிசை 30. மசூர் சின்ன விதை, அதற்குப் பாதி ஆழம் போதும், நெருக்கமாகவும் விடலாம். உரம் எதுவும் போடவில்லை. தழைச்சத்து மண்ணில் மிகுந்திருந்தால் செடி வேர் முடிச்சு போடச் சோம்பிவிடும்.

நவம்பர் 9

ஒன்றும் இல்லை.

நவம்பர் 10

அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. கண்புரை அறுவை சிகிச்சையைத் தள்ளிவிட்டார்கள். தேதி பிறகு சொல்வார்களாம்.

நவம்பர் 12

மசூர் முந்திக்கொண்டது. நூல் போல எழும்பி நிற்கிறது. சாயங்காலத்துக்குள் கடலையும் எட்டு, ஒன்பது.

நவம்பர் 14

ஏழு கடலை முளைகளைக் காணோம். மண்மட்டத்தில் கிள்ளி எடுத்திருக்கிறது. அணிலோ, பறவையோ. காலையிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

ஒன்றை நம்பித்தான் இருக்கிறேன். அவரைச் செடி முளைக்கும்போது விதையிலைகளைத் தலையில் சுமந்துகொண்டு மேலே வரும். அதைக் கிள்ளிவிட்டால் முடிந்தது. கடலையும் மசூரும் அப்படி இல்லை. விதை மண்ணுக்குள்ளேயே இருந்துகொண்டு முளையை மட்டும் மேலே அனுப்புகிறது. உணவும் உள்ளேதான், மண்ணுக்குள் இருக்கும் கணுக்களில் அடுத்த மொட்டும் உண்டு. தோண்டிப் பார்க்கக் கூடாது. வலை கட்டிவிட்டேன்.

"போனா போகுது, வேற போட்டுக்கலாம்" என்றாள் அம்மா. வேறு வேண்டாம். இவைதான் வேண்டும்.

நவம்பர் 22

ஏழில் ஐந்து வந்துவிட்டன! சிலதில் ஒன்றுக்கு இரண்டாகத் தளிர். அம்மாவை அழைத்து வந்து தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

நவம்பர் 29

விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்கிறேன். ஈரம் இருக்கிறது. இருந்தும் அரை மணி நேரம் கழித்துக் குவளையோடு போய் நிற்கிறேன். இன்றைக்கு மூன்று தடவை.

டிசம்பர் 3

ஓரத்துச் செடி நேற்று நன்றாக இருந்தது, இன்று தலை தொங்குகிறது. மண்ணில் ஈரம், இலையில் பச்சை, ஆனால் செடி துவண்டுவிட்டது. பிடுங்கித் தண்டை நெடுக்காகக் கிழித்தேன். நடுவில் பழுப்புக் கோடு. வாடல் நோய். பூஞ்சை வேர் வழியாகப் புகுந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். ஊற்ற ஊற்ற மேலே ஏறாது. அந்த மண்ணில் ஆறு வருடம் வரை உயிரோடு இருக்குமாம். கடலையை இனி இந்த ஓரத்தில் வைக்க முடியாது.

அம்மாவிடம் சொல்லவில்லை. மாலையில் பாத்தியோரம் கைவைத்து நடந்தவள் அந்த இடத்தில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 8

நுனி கிள்ளினேன். ஒரு மாதம் ஆன செடியில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும், கிளைக்குக் கிளை பூ வரும். விரலெல்லாம் பிசுபிசுப்பு. நாக்கில் வைத்தால் நல்ல புளிப்பு. கடலைச் செடியின் இலையிலும் தண்டிலும் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன, அவை மாலிக் அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் கசியும். இரவில் செடிமேல் துணி விரித்து, அந்தப் புளித்த பனியைப் பிழிந்து எடுப்பவர்களும் உண்டு.

அம்மா இப்போது செடிகளை இதை வைத்தே பிரித்துவிடுகிறாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "இது கடலை, இது மசூர்" என்கிறாள். ஒன்றும் தப்பவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

டிசம்பர் 9

தேதி கொடுத்தார்கள். ஜனவரி 22. அதற்குள் சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும்.

டிசம்பர் 17

நெருக்கமாக இருந்த மசூரில் ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்தேன். வேரில் முடிச்சுகள், கடுகுமணி போல. நகத்தால் ஒன்றைப் பிளந்தேன், உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம், காற்றிலுள்ள நைட்ரஜன் செடிக்குப் போகிறது. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளின் உறவுதான் இந்தச் சிவப்பும்.

டிசம்பர் 18

மறுபடி தண்ணீர் ஊற்றினேன். தேவையே இல்லை.

டிசம்பர் 26

முதல் பூ. ஊதாவும் இளஞ்சிவப்புமாக, சட்டைப் பித்தானை விடச் சின்னது. கறுத்த தோல் கடலையின் பூ பெரும்பாலும் இந்த நிறம், வெள்ளைக் கடலைக்கு வெள்ளைப் பூ. இதழ் விரிவதற்கு முன்பே உள்ளே மகரந்தம் சேர்ந்துவிடுமாம்.

அம்மா கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "சாம்பலா இருக்கு" என்றாள்.

ஜனவரி 4

பச்சைக் காயில் வட்ட ஓட்டை. தலையை உள்ளே விட்டு, உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு புழு. அவ்வளவு புளிப்பும் இதற்குப் பொருட்டில்லை. விளக்கு வைத்துக்கொண்டு பதினொன்றைக் கையால் எடுத்தேன். ஒரு காயில் இருப்பதே ஒன்றோ இரண்டோ மணிதான், அதையும் தின்றால் என்ன மிஞ்சும்?

ஜனவரி 11

உள்ளே வைக்கப்போகும் லென்ஸைப் பற்றி விளக்கினார்கள். நடுவட்டம் 6 மில்லிமீட்டர், சுருட்டி உள்ளே விட்டால் தானாக விரியும்.

வீட்டுக்கு வந்து மசூர் ஒன்றை அளவுகோலில் வைத்தேன். ஐந்து இருந்தது. லத்தீனில் லென்ஸ் என்றாலே மசூர்தான். இரண்டு பக்கமும் புடைத்து ஓரம் மெலிந்த அந்த வடிவத்தைப் பார்த்துத்தான் கண்ணாடி வில்லைக்கு அந்தப் பெயர் வந்தது. செடிக்குத் தாவரப் பெயர் இன்றும் லென்ஸ் குலினாரிஸ். அம்மாவின் உள்ளங்கையில் அந்த ஒரு மணியை வைத்துச் சொன்னேன். வெகுநேரம் அதைக் கட்டை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி 19

சர்க்கரை சரியாக இருக்கிறது. சரியாக இருக்கிறது.

ஜனவரி 20

மழை. மசூர் சாய்ந்துவிட்டது.

ஜனவரி 22

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எத்தனை நாள் பயந்தேன்.

ஜனவரி 23

கட்டுப் பிரித்தார்கள். என்னைப் பார்த்து, "ஏன் இப்படி இளைச்சுட்டே" என்றாள்.

ஜனவரி 26

மண், தூசு, குனிதல் எதுவும் கூடாது. அதனால் மசூரில் ஒரு கொத்தை ஒடித்து, கழுவி, ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "இலை நுனியில சுருட்டுக்கம்பி இருக்கே. நீ சொல்லவே இல்லையே?"

உண்மைதான். பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ள நூல் போலச் சுருளும் பற்றுக்கம்பி. தினமும் பார்க்கிறேன், சொல்லத் தோன்றவில்லை.

பிப்ரவரி 2

தண்ணீர் நிறுத்திவிட்டேன். இலை மஞ்சளாகும்போது ஊற்றினால் மறுபடி துளிர்க்கப் பார்க்கும், காய் முற்றாது. குவளையை உள்ளே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10

உலகப் பயறு நாள். ஐ.நா. 2016-ஐப் பயறு ஆண்டாக வைத்தது, அதிலிருந்து பிறந்தது இந்த நாள். மனிதர் முதன்முதலில் விதைத்த பயிர்களில் இவை இரண்டும் உண்டு, பத்தாயிரம் ஆண்டுப் பழக்கம். அம்மா ஜன்னலிலிருந்து செடிகளை எண்ணுகிறாள். முப்பத்தொன்று என்கிறாள்.

பிப்ரவரி 12

இன்னொரு கண்ணுக்கும் தேதி வந்திருக்கிறது. மசூரின் அடிக்காய்கள் பழுப்பேறிவிட்டன. காதருகே வைத்துக் குலுக்கினேன். இன்னும் மணி உள்ளே ஆடவில்லை. நாளைக் காலை வெயில் வந்ததும் மறுபடி குலுக்கிப் பார்க்கலாம்.