மகளோடு 12 நாள் மிருதங்க முகாமில்

கடந்த மே மாதம் என் மகளை 12 நாள் மிருதங்க முகாமுக்குத் தினமும் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். அவளுக்குப் பத்து வயது. எங்கள் வீடு மதுரை திருநகரில். முகாம் நடந்தது எஸ்.எஸ். காலனிப் பக்கம் ஒரு வீட்டு மாடிக் கூடத்தில். சேர்ப்பதற்கு முன்னால் யாராவது இதையெல்லாம் சொல்லியிருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நவராத்திரிக் கச்சேரி கேட்கப் போயிருந்தோம். கச்சேரி முழுக்க அவள் மிருதங்கக்காரர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தாள். ஒரு மாதம் ஆகியும் தட்டுவது நிற்கவில்லை. சரி என்று செல்போனில் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியரிடம் சேர்த்துவிட்டோம். என் மாமியாருக்கு இதில் மனசே இல்லை. "பொம்பளப் பிள்ளைக்கு வீணை, பாட்டுன்னு எத்தனையோ இருக்கு. மத்தளம் எதுக்குத்தா?" என்றார். புதுக்கோட்டை ரங்கநாயகி அம்மாள் அந்தக் காலத்திலேயே தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையேறியவர் என்று படித்திருந்தேன். அதைச் சொன்னேன். அத்தை சமாதானம் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தடுக்கவும் இல்லை.

ஒன்றரை வருடம் செல்போன் வகுப்பு நடந்தது. பாடம் மேல் பாடமாக வந்தது. விரல் நன்றாக ஓடியது. கேட்கிறவர்கள் எல்லாம் "என்ன வேகம்!" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முகாமில் சேர்க்க, அதை நடத்தும் சாருக்குப் போன் செய்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான். "ஆதி தாளம் போடுவாளாம்மா?"

"நல்லா வாசிப்பா சார்" என்றேன்.

"வாசிக்கிறது இருக்கட்டும். கையில தாளம் போட்டுக்கிட்டே வாயால சொல்லுவாளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. "பரவால்ல, கூட்டிட்டு வாங்க" என்றார்.

அடுத்தது வாத்தியம். அதுவரை அவளிடம் இருந்தது சின்னப் பிள்ளைகளுக்கான சிறிய மிருதங்கம். முகாமுக்கு முழு அளவு வேண்டும் என்றார்கள். புதிதாக வாங்க வசதிப்படவில்லை, பழையது ஒன்றை 7,000 ரூபாய்க்கு வாங்கினோம். விற்றவர் "ஒரு குறையும் இல்லை" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தின் ஓரம் பெயர்ந்திருந்தது. அதைக் கரணை என்கிறார்கள். 'நம்' என்ற சொல்லை வாசிக்க மோதிர விரலை அந்தக் கரணை ஓரத்தில் லேசாக வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் விளிம்பைத் தட்ட வேண்டும். ஓரம் பெயர்ந்தால் 'நம்' கணீரென்று வராது, மொண்ணையாகக் கேட்கும். பழைய மிருதங்கம் வாங்கப் போகிறவர்கள் கரணையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிலும் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுருதி கேட்கிறதா என்றும் கவனியுங்கள். கூடவே தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போவது அதைவிட நல்லது.

மிருதங்கம் செய்கிறவரிடம் கொண்டுபோனோம். வலந்தலை புதிதாகப் போட 3,000 ரூபாய் ஆயிற்று. அந்தப் பணம் எனக்கு வலிக்கவில்லை, காரணம் அங்கே உட்கார்ந்து பார்த்தது. கரணைக்காக ஒரு வகைக் கல்லின் பொடியை வெந்த சாதத்தோடு சேர்த்து மை போலப் பிசைகிறார். கொஞ்சமாக எடுத்துத் தோலில் வைத்து, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார். காய்ந்ததும் அடுத்த பூச்சு. மறுபடி தேய்ப்பு. இப்படி அடுக்கடுக்காக. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒருமுறை தட்டிக் கேட்டுக்கொள்கிறார். மகள் வாய் திறக்காமல் முக்கால் மணி நேரம் பார்த்தாள். அவர் கேட்ட ஒரு கேள்வியும் நினைவிருக்கிறது: "எந்தச் சுருதிக்குப் போடணும்? ஆம்பளப் பாட்டுக்கா, பொம்பளப் பாட்டுக்கா?" சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண் குரலுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று சுருதி தாழ்ந்திருக்கும், அதற்கு நீளமான மிருதங்கம். பெண் குரலுக்கு ஐந்து கட்டைப் பக்கம். அதற்குக் கொஞ்சம் குட்டையானது. நாங்கள் வாங்கியது குட்டை வகை. சின்னப் பிள்ளைக்குக் கை எட்டவும் அதுதான் வசதி என்றார்.

முகாம் காலை 9 முதல் 12.30 வரை. கட்டணம் 2,500 ரூபாய். 17 பிள்ளைகள், 14 பேர் மிருதங்கம், இரண்டு பேர் கஞ்சிரா, ஒரு பையன் கடம். கஞ்சிராவுக்கு முன்பு உடும்புத் தோல் கட்டுவார்களாம். உடும்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர் என்பதால் இந்தப் பிள்ளைகளிடம் இருந்தவை ஆட்டுத் தோல் கட்டியவை.

முதல் நாள் அரை மணி நேரம் ரவைக்கே போயிற்று. மிருதங்கத்தின் இடது பக்கம், அதாவது தொப்பியில், வாசிப்பதற்கு முன் ரவையைப் பிசைந்து ஒட்ட வேண்டும். அந்தக் கனம் இருந்தால்தான் 'தொம்' ஆழமாக வரும். வீட்டில் இதை நான்தான் செய்துகொடுப்பேன். இங்கே சார் பெற்றோர்களை எல்லாம் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டார். "அவங்க வாத்தியத்துக்கு அவங்களே ரவை வைக்கட்டும்." மகள் முதலில் தண்ணீரை அதிகம் விட்டாள், ரவை வழிந்தது. இரண்டாம் முறை வறவறவென்று பிசைந்தாள், நாலு தட்டுத் தட்டியதும் உதிர்ந்தது. மதுரை வெயிலில், மின்விசிறிக்கு நேர் கீழே, சரியாகப் பிசைந்த ரவையே பத்து நிமிடத்தில் காய்ந்து வெடிக்கிறது. பக்கத்தில் இருந்த பெரிய பையன் ஒருவன் தோலை முதலில் ஈரத் துணியால் துடைக்கச் சொன்னான். பூரி மாவு பதத்தில் உருட்டி, நடுவில் வைத்து, ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டக் காட்டினான். மகள் ஒரு தட்டுத் தட்டினாள். 'தொம்' என்று இறங்கியது. அவள் திரும்பி என்னைப் பார்த்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் அன்று அந்த 'தொம்'மோடு சரி. "எல்லாரும் மிருதங்கத்தை உறைக்குள்ள போடுங்க" என்றார் சார். இரண்டாம் நாளும் மிருதங்கம் வெளியே வரவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. கையில் தாளம், வாயில் சொல், அவ்வளவுதான். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. இதற்கு மேல் தகதிமி, தகிட என்று நாலாகவும் மூன்றாகவும் சொல்ல வேண்டும். ஒரே வேகத்தில் சொல்லி, அப்புறம் இரட்டிக்க வேண்டும்.

என் மகளால் முடியவில்லை. சொல் ஓடினால் கை நின்றுவிடும், கை ஓடினால் சொல் நின்றுவிடும். அவளைவிட இரண்டு வயது சின்னவள் ஒருத்தி அருமையாகச் சொன்னாள். மூன்றாம் நாள் வண்டியில் வரும்போது முதுகுக்குப் பின்னால் அழுகைச் சத்தம். "எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. இவ்வளவு நாள் நான் வாசிச்சது எல்லாம் சும்மாவா?" பசுமலையில் வண்டியை நிறுத்திக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். எனக்கே மனசு கனத்துப் போயிருந்தது. கோபமும் வந்தது. இந்த வெயிலில் இவ்வளவு பெரிய வாத்தியத்தைச் சுமந்துபோவது உறைக்குள் வைத்திருக்கவா?

மறுநாள் சாரிடம் தனியாகக் கேட்டேன். அவர் சங்கடப்படவில்லை. "உங்க பொண்ணு விரல் நல்ல விரல்ம்மா. ஆனா அது எங்க போறோம்னு தெரியாம ஓடுது. வாயால சொல்ல முடியாத எதையும் கையால வாசிச்சா அது மனப்பாடம். பாட்டு கொஞ்சம் நகர்ந்தா விழுந்துடும். இன்னும் ரெண்டு நாள் பொறுங்க. நீங்களும் பின்னாடி உக்காந்து தாளம் போடுங்க, வீட்ல உதவும்."

போட்டேன். வெட்கத்தோடுதான் ஆரம்பித்தேன், அடுத்த நாளே மற்ற அம்மாக்களும் இரண்டு அப்பாக்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்த முகாமில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் இதுதான்.

ஆறாம் நாள் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும். சார் பலகையில் 'ததிகிணதொம்' என்று எழுதினார். எத்தனை எழுத்து என்றார். த, தி, கி, ண, தொம் என்று ஐந்து. மூன்று தடவை சொன்னால்? பதினைந்து. ஆதி தாளத்தின் பின்பாதியில் நாலு எண்ணிக்கை, ஒவ்வொரு எண்ணிக்கையும் நாலு சம பங்கு, ஒரு பங்கு ஒரு மாத்திரை. மொத்தம்? பதினாறு. "அப்ப பதினஞ்ச வச்சு பதினாற நிரப்பணும். ஒண்ணு குறையுதே, அத எங்க வைக்கிறது?"

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவன் கடைசியில் வைத்தான். முடிவு ஒரு மாத்திரை முன்னாலேயே வந்துவிட்டது. ஒருத்தி நடுவில் வைத்தாள். முடிவு சரியாக வந்தது, ஆனால் மூன்றும் ஒன்றுபோல் கேட்கவில்லை. என் மகள் கை தூக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே. சார் பார்த்துவிட்டார். "நீ சொல்லு தாயி."

அவள் தட்டினாள். தட்டிய மாத்திரையில் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் இழுத்தாள். அடுத்த மாத்திரையில் தொடங்கினாள். ததிகிணதொம் ததிகிணதொம் ததிகிணதொம். முடித்ததும் அவள் கை சமத்தில், முதல் தட்டில், சரியாக விழுந்தது. "மொத ஒண்ணை விட்டுட்டேன் சார்" என்றாள்.

"விடல. நீ அதை வாசிச்ச. சத்தமில்லாம வாசிச்ச. அதுக்குப் பேரு கார்வை" என்றார். பிறகு எல்லோரையும் மிருதங்கத்தை எடுக்கச் சொன்னார்.

அன்று வாசித்தது ஒன்றரை வருடப் பாடத்தில் பாதி வேகம்கூட இல்லை. ஆனால் அவளுக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. அது கேட்டவருக்கும் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரையும் ராமேஸ்வரம் போகும் ரயிலில் மானாமதுரைக்குக் கூட்டிப் போனார்கள். கடம் வாசிக்கும் பையனுக்காக ஏற்பாடு செய்த பயணம், அதிகம் ரசித்தது மற்றவர்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கச்சேரிக் கடத்துக்கோ அதற்கு முன்பிருந்தே அந்த ஊர்தான் பேர்போனது. சக்கரத்தில் எடுத்த பச்சை மண் பானையை ஓர் அம்மா மடியில் வைத்து, உள்ளே ஒரு கையால் கல்லைத் தாங்கி, வெளியே மரத் தட்டுப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரைச் சமமாக்கிக்கொண்டிருந்தார். பேச்சு அவர் பாட்டுக்கு நடக்கிறது, தட்டு ஒரே சீராக விழுகிறது. மிருதங்கத்தைக் கல்லாலும் மரக்கட்டையாலும் தட்டிச் சுருதி ஏற்றி இறக்கலாம். கடம் சூளையில் வெந்து வந்த சுருதிதான். அதனால் பத்துக் கடத்தைத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுக்கிறார்கள். பிள்ளைகள் வரிசையாக வைத்திருந்ததைத் தட்டிக் கேட்டு, ஐந்து கட்டைக் கடம் எது என்று தேடினார்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மிருதங்கத்தை வெயில் படும் இடத்தில், மூடிய காரில் வைக்காதீர்கள். காய்ந்த சூட்டில் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடுகிறது. ஒரு பிள்ளையின் வாத்தியத்தைப் பாதி வகுப்பில் இறக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. வாசித்து முடித்ததும் ரவையைச் சுரண்டி எடுத்துத் துடைத்துவிடச் சொல்லுங்கள். மோதிர விரல் வீங்கினால் ஒரு நாள் வாசிக்க விடாதீர்கள், வாயால் சொல்லட்டும்.

கடைசி நாள் மாலை பெற்றோர், தாத்தா, பாட்டிகளுக்காக வாசித்தார்கள். அத்தையும் வந்தார். முதலில் 17 பேரும் வாயால் சொன்னார்கள், பிறகு வாசித்தார்கள். முடிவில் அதே மூன்று ததிகிணதொம். அந்தத் தட்டில் 17 பேரும் ஒரு மாத்திரை சும்மா இருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து என் கையைப் பிடித்தார். அதற்குள் எல்லாக் கையும் ஒன்றாக இறங்கியது.

இப்போது சனிக்கிழமை தோறும் அதே சாரிடம் போகிறாள். செல்போன் வகுப்பை நிறுத்திவிட்டோம். வீட்டில் தினம் நாற்பது நிமிடம். முதல் இருபது நிமிடம் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து தாளம் போட்டுச் சொல்கிறோம், பிறகுதான் மிருதங்கம். இடது கை இன்னும் தெளியவில்லை, அதற்கு ஒரு வருடமாவது ஆகும் என்கிறார் சார். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு ஆரம்பித்திருக்கிறார், ஏழில் எனக்கு இன்னும் கை தடுமாறுகிறது. பசுமலை அரசு இசைக் கல்லூரி வாசலைக் கடக்கும்போதெல்லாம் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்கிறாள்.