பாக்கி பத்தியில் ஒரு மில் ஊர்

கோயம்புத்தூரிலிருந்து மாமா போன் செய்தார். "ஸ்டுடியோ மச்சுல இருக்கற பெட்டியெல்லாம் கிலோ கணக்குல எடுத்துக்கறேன்னு ஒருத்தர் வந்து நிக்கறாரு, குடுத்தரட்டுமா கண்ணு?"

கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்பது தெரியும். மச்சில் பெட்டிகள் இருப்பதுதான் தெரியாது. வந்தவர் பழைய பேப்பர் கடைக்காரர் இல்லை. பழைய நெகட்டிவை வாங்கி அதிலிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பவர். நம் ஊர்ப்பக்கம் எத்தனையோ ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்கள் கடைசியில் போய்ச் சேர்ந்தது இப்படிப்பட்டவர்களிடம்தான். "ரெண்டு நாள் பொறுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரியே சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, 1946இல் தொடங்கிய ஸ்டுடியோ அது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் உண்டு என்றாலும், அடுப்பு எரிந்தது மில் வேலையால்தான். புது மெஷின் வந்து இறங்கினால் படம், ஆயுத பூஜைக்குப் படம், மேஸ்திரி ஓய்வு பெற்றால் மாலையோடு படம், தீப்பிடித்தால் இன்சூரன்ஸுக்குப் படம். 1888இல் ஸ்டேன்ஸ் மில்லோடு ஆரம்பித்தது கோவையின் பஞ்சாலைக் கதை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஊரைச் சுற்றி மில்களாக முளைத்தன. அப்புச்சி கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய காலத்தில் பாதி ஊர் சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

மச்சில் 37 பெட்டிகள். முதல் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போலக் குப்பென்று ஒரு புளிப்பு வாடை. எலி ஏதாவது என்று மாமா சொன்னார். எலி இல்லை. அசிடேட் பிலிம் கெட்டுப்போகும்போது வினிகரில் இருக்கும் அதே அமிலம் வெளியேறும், அந்த வாடை. மூடிய பெட்டிக்குள் ஒரு பிலிம் கெட ஆரம்பித்தால் அதன் ஆவி பக்கத்தில் இருப்பவற்றையும் சீக்கிரம் கெடுத்துவிடும். அதனால் முதல் இரண்டு நாள் மூக்கை வைத்துத்தான் வேலை: வாடை அடிப்பது வராந்தாவுக்கு, அடிக்காதது முன்னறைக்கு. ஓரத்தில் 'சேஃப்டி' என்ற எழுத்து இல்லாத பழைய பிலிம்கள் கொஞ்சம் இருந்தன. 1950களின் தொடக்கத்துக்கு முந்தையவற்றில் நைட்ரேட் பிலிம் இருக்கலாம், அது எளிதில் பற்றிக்கொள்ளும் சாதி. அவற்றைத் தனியாக எடுத்துச் சமையலறையிலிருந்து தள்ளி வைத்தேன். மாமா பீடியை வாசலுக்கு மாற்றிக்கொண்டார்.

கண்ணாடி நெகட்டிவ் நூற்றுக்கணக்கில் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது 61. மிச்சம் எங்கே என்று கேட்டால் மாமா சர்வசாதாரணமாகச் சொன்னார்: "அதையெல்லாம் உங்க அமுச்சி வெந்நீர்ல ஊறப்போட்டுச் சொரண்டீருவாங்க. பிரேம் போடக் கண்ணாடி வேணுமில்ல?" பிரேம் போடுவதும் அப்புச்சிக்கு ஒரு சின்ன வருமானம். ஸ்டுடியோ சுவரில் ஒரு முருகன் படம் மாட்டியிருந்தது. கழற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். சட்டத்துக்கு அடியில் மறைந்த ஓரத்தில், சுரண்டாமல் விட்ட அரை அங்குலம். வேட்டிக் கரை மாதிரி ஒரு கோடு, அதற்குக் கீழே செருப்பில்லாத ஒரு கால். யாருடைய கால் என்று இனி யாருக்கும் தெரியாது.

அடுத்து நடந்தது முழுக்க என் தப்பு. நெகட்டிவ்கள் பழுப்புக் காகித உறைகளில் இருந்தன. பழைய காகிதத்தில் அமிலம் இருக்கும், அது படத்தை அரிக்கும், புது உறைக்கு மாற்ற வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த விவரம் சரிதான். நான் மாற்றினேன், பழைய உறைகளை மூட்டை கட்டிக் குப்பையில் போட்டேன். மூன்று பெட்டி முடித்த பிறகுதான் அத்தை பரணிலிருந்து 11 நீளக் கணக்கு நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அப்புச்சியின் கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் ஒரு எண், ஆள் அல்லது மில்லின் பெயர், என்ன படம், எத்தனை பிரிண்ட், அட்வான்ஸ், பாக்கி. நோட்டில் இருக்கும் எண்ணைத் தேடினால் நெகட்டிவில் இல்லை. உறையின் மேல் மூலையில், பென்சிலில், பொடி எழுத்தில் இருந்தது.

குப்பை வண்டி போய் நாலு நாள் ஆகியிருந்தது. அந்த மூன்று பெட்டியில் இருந்த சுமார் நானூறு பேர் இன்றுவரை பெயரில்லாமல் இருக்கிறார்கள்.

அதற்கப்புறம் வரிசையை மாற்றினேன். முதலில் உறையை முன்னும் பின்னும் செல்போனில் ஒரு படம், பிறகு நோட்டின் வரி, அப்புறம்தான் நெகட்டிவ். ஸ்கேனர் வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும் என்பேன். இந்த வேலையில் இறங்கும் எல்லோரும் எத்தனை டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நெகட்டிவில் முகம் இருக்கிறது, அவ்வளவுதான். ஊர், பேர், தேதி, யார் காசு கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை எல்லாம் நோட்டில் இருக்கிறது. 2317ஆம் எண்ணில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின், ஆஃப் பிளேட் அளவில் ஆறு காப்பி, அட்வான்ஸ் 10 ரூபாய், பாக்கி 14. பாக்கி வந்ததற்கான கோடு அதன் மேல் இல்லை. அந்த மில்லே இப்போது இல்லை.

ஸ்கேனரிலும் ஒரு சறுக்கல். எப்சன் வி600 வாங்கினேன். 120 என்ற அகலமான ரோல் பிலிமுக்கு அருமையான மெஷின். 2400 டிபிஐ வைத்தால் ஒரு சதுர நெகட்டிவுக்கு அகலத்தில் ஐயாயிரம் புள்ளிக்கு மேல் கிடைக்கும், 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஒரு படம் 50 எம்பியைத் தாண்டும். ஆனால் அதன் மூடியில் இருக்கும் விளக்குப் பட்டை மூன்று அங்குலம்கூட அகலம் இல்லை. ஆஃப் பிளேட் கண்ணாடியோ ஆறரைக்கு நாலே முக்கால். பெட்டியைப் பிரித்த பிறகு திருப்பி அனுப்பவும் முடியாது. கடைசியில் பிள்ளைகள் படம் வரைய வைத்திருக்கும் லைட் பேடின் மேல் கண்ணாடியை வைத்து, ஸ்டாண்டில் கேமராவைக் கவிழ்த்துக் கட்டி, மேக்ரோ லென்ஸில் எடுத்தேன். சுற்றிலும் கறுப்பு அட்டை வைத்து வெளிச்சத்தை அடைத்தால் போதும், நன்றாகவே வருகிறது. கண்ணாடியைத் துடைக்க ஈரத்துணி வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊறி, துணியோடு முகமும் வந்துவிடும். மென்மையான பிரஷும், லென்ஸ் துடைப்பவர்கள் வைத்திருக்கும் காற்றுப் பந்தும் போதும். வைக்கும்போது பழைய எல்பி ரெக்கார்டு மாதிரி நிற்க வைக்க வேண்டும். அடுக்கினால் அடியில் இருப்பது உடையும். இரண்டு உடைத்த பிறகு கற்றுக்கொண்டேன்.

படங்களைத் திரையில் பார்க்க ஆரம்பித்ததும் ஒன்று உறுத்தியது. மில் படங்களில் ஆளே இல்லை. பளபளவென்று நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் வரிசை, துடைத்து விட்ட தரை, ஈ காக்கை கிடையாது. மாமாதான் விளக்கினார். உள்ளே வெளிச்சம் போதாது, ஸ்டாண்டில் வைத்து நொடிக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும், ஓடும் மெஷின் பதியாது. மெஷினை நிறுத்தினால் உற்பத்தி போகும். அதனால் லீவு நாளிலோ மெஷின் ஓடத் தொடங்கும் முன்போதான் கூப்பிடுவார்கள். ஆக, ஒரு மில்லின் பதினைந்து வருடப் படங்களை வரிசையாகப் பார்த்தாலும் நூல் நூற்றவர் ஒருவரையும் பார்க்க முடியாது.

விதிவிலக்கு ஆயுத பூஜை. அன்றைக்கு மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாவிலைத் தோரணம், ஸ்பிண்டில் வரிசையின் தலைமாட்டில் வாழைக்கன்று. எல்லா டிபார்ட்மெண்டும் குளித்து, எண்ணெய் வைத்து, தலை வாரி நிற்கிறது. ஒரு படத்தில் பின்வரிசைப் பையன் ஒருவன் அசைந்திருக்கிறான். அவன் முகம் மட்டும் புகையாக இருக்கிறது. முன்வரிசையில் நாற்காலியில் இருப்பவர்கள் கல்லாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

தேதி கண்டுபிடிப்பது தனி விளையாட்டு. நோட்டு இருக்கும் படங்களுக்குக் கவலையில்லை. அந்த நானூறுக்குத்தான் துப்பறிய வேண்டியிருந்தது. தெருப் படத்தில் சுவரில் இரட்டைக் காளை வரைந்திருந்தால் 1952 முதல் 1967 வரை நடந்த தேர்தல்களில் ஏதோ ஒன்றையொட்டி என்று கொள்ளலாம். 1969இல் காங்கிரஸ் பிளந்த பிறகு அந்தச் சின்னம் இல்லை. பெயர்ப்பலகையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. 'ஆலை' என்பதில் லை-க்கு யானைத் தும்பிக்கை போட்டிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பலகை. ஆனால் பலகையைப் பெயிண்ட் அடித்து மாற்ற யாரும் அவசரப்படவில்லை என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. மெஷினில் 'பிளாட் பிரதர்ஸ், ஓல்ட்ஹாம்' என்ற வார்ப்பு எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் இங்கிலாந்து மெஷின்கள் இங்கே பல பத்தாண்டுகள் ஓடின. அது மெஷினின் வயதைச் சொல்லும், படத்தின் வயதைச் சொல்லாது.

ஆளை அடையாளம் காண, நாற்பது படங்களை ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு பழைய மில் லைன் வீடுகள் பக்கம் போனேன். டீக்கடையில் ஆண்கள் மெஷின்களை அடையாளம் சொன்னார்கள், ஆட்களை விட்டுவிட்டு. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த ஒரு பாட்டி கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். "இது ரீலிங் கண்ணு. பொம்பளைங்க டிபார்ட்மெண்ட்டு. கோன் வைண்டிங் மெஷின் வந்தாங்காட்டி ரீலிங் போச்சு, நாங்களும் போனோம்." படத்தில் ஆள் யாரும் இல்லை, நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் கருவிகள் மட்டும்தான். அவர் விரல் ஜன்னல் மேல் நின்றது. ஜன்னல் திட்டில் சோறு கொண்டுபோகும் ஒரு தூக்குப்போசி. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. "இது எங்கம்மாளுதுங் கண்ணு. பாரு, மூடி சேராது. மூடி வேற போசியோடது. நசுங்கிப்போச்சுன்னு சந்தையில வாங்குனது." செல்போனில் அசல் கோப்பைத் திறந்து பெரிதாக்கினேன். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, அளவு சேராமல் உட்கார்ந்திருந்தது.

இதையெல்லாம் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இன்னும் பாதி விடைதான். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சிடியில் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் உரிமையாளர் சம்மதக் கடிதத்தோடு கொண்டுவாருங்கள் என்றார்கள். எரிச்சல்தான் வந்தது, ஆனாலும் உரிமை விஷயத்தில் அவர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நெகட்டிவ் அப்புச்சியுடையது, உரிமை மில்லுடையது. மில் எங்கே போனது என்று கேட்டால் பதில் இல்லை.

இதற்கு முன்னால் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி எண்மமாக்கியிருக்கிறது. 1858இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை, தஞ்சாவூர்க் கோயில் படங்களைப் பாதுகாக்கப் பெரிய நூலகங்கள் உண்டு. தூக்குப்போசிக்கு இப்படி யாராவது பெட்டியைத் திறந்தால்தான் உண்டு.

சாவு வீட்டுப் படங்களை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை என்று மாமாவும் நானும் முடிவு செய்தோம். நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, சுற்றிலும் குடும்பம் நிற்க எடுத்த படங்கள். அவை தனிப் பெட்டியில் இருக்கின்றன. அந்தந்த வீட்டார் வந்து கேட்டால் கொடுப்போம். இதுவரை இரண்டு குடும்பம் வந்திருக்கிறது.

பாட்டி அந்தத் தூக்குப்போசியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாயைக் கையில் திணித்துவிட்டார். ஊர் திரும்புவதற்கு முன்னால் 11ஆவது நோட்டைத் திறந்து பார்த்தேன். அப்புச்சி எழுதிய கடைசி எண் 9846. அதற்குக் கீழே 9847 போட்டு, 'தூக்குப்போசி, ஒரு காப்பி, 20 ரூபாய்' என்று எழுதி, பாக்கிப் பத்தியில் ஒரு கோடு இழுத்தேன்.