அரை மணி நேர வெஸ்டர்ன்கள்: ஒன்பது மாதப் பார்வைக் குறிப்பு

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'வெஸ்டர்ன்' என்று எழுதினேன். 1950களிலும் 60களிலும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த கௌபாய் தொடர்களை ஒழுங்காக உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு. பள்ளிக்கூட நாட்களில் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்த காலத்திலிருந்தே அந்தப் புழுதி நிலம் மனதில் இருக்கிறது. படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன், தொடர்களின் பக்கம் போனதே இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு எபிசோட், ஒவ்வொரு தொடரிலும் குறைந்தது பத்து. பத்து முடிந்த பிறகுதான் பிடித்தது, பிடிக்காதது என்று எழுதுவேன். இதுதான் விதி. அப்பாவும் கூட உட்காருவதாகச் சொன்னார். அவருக்கு ஆங்கில வசனம் முழுவதும் பிடிபடாது. முகத்தைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுவார்.

முதல் மாதம் வீணாய்ப் போனது என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். கருப்பு வெள்ளை வேண்டாம், வண்ணத்தில் இருப்பதைப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். கன்ஸ்மோக் 1966இல்தான் வண்ணத்துக்கு மாறியது, அதனால் அதன் பன்னிரண்டாவது சீசனிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு எபிசோடும் ஒரு மணி நேரம் ஓடுவது, விளம்பர நேரம் போக ஐம்பது நிமிடம். நாலு பார்த்தேன். யாரோ ஒரு விருந்தாளி நடிகர் ஊருக்கு வருவார், அவருடைய கஷ்டத்தைச் சொல்லவே பாதி நேரம் போய்விடும், ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல் மேட் தில்லன் ஓரமாக நிற்பார். இதற்கா இருபது வருடம் ஒரு நாடே காத்திருந்து பார்த்தது என்று தோன்றியது. நோட்டில் 'சுமார்' என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் சும்மா முதல் எபிசோடைப் போட்டேன். 1955 செப்டம்பர் 10 அன்று ஒளிபரப்பானது. ஆரம்பத்தில் ஜான் வெய்ன் வந்து தொடரை அறிமுகப்படுத்திவிட்டுப் போகிறார். அப்புறம் அந்தக் கல்லறை மேடு. கதை நடக்கும் டாட்ஜ் சிட்டிக்கு வெளியே, செத்துப்போன சண்டைக்காரர்களைப் புதைத்த இடத்தில் மார்ஷல் தனியாக நடந்துகொண்டே பேசுகிறார். கதையில் டேன் கிராட் என்று ஒருவன் வருகிறான். அவனைப்போல வேகமாகத் துப்பாக்கியை உருவ யாராலும் முடியாது. மேட் தில்லன் அவனை எதிர்த்து நிற்கிறார், சுடப்பட்டு விழுகிறார். முதல் எபிசோடிலேயே நாயகன் தோற்று, குண்டடி பட்டு, கட்டிலில் கிடக்கிறார்.

அந்த இடத்தில் அப்பா கேட்டார்: "அவன் ஏம்மா இவ்வளவு கிட்ட வந்து நிக்கிறான்?" நான் பதில் சொல்லவில்லை, கவனிக்கவும் இல்லை. கடைசியில் பார்த்தால் கதையின் முடிச்சே அதுதான். கிராட்டுக்கு வேகம் உண்டு, குறி கிடையாது. நெருங்கி நின்றால்தான் அவனால் சுட முடியும். உடம்பு தேறிய மேட் தில்லன் இரண்டாவது முறை அவனைக் கிட்ட வர விடாமல் தள்ளியே நிற்கிறார். அவ்வளவுதான் கதை. இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வண்ணத்தில் பார்த்த நாலு எபிசோடிலும் கிடைக்காதது இதில் கிடைத்தது. அன்று இரவே 'சுமார்' என்பதை அடித்துவிட்டேன்.

பிறகு இரண்டு மாதம் கன்ஸ்மோக்கை விடவில்லை. இந்தத் தொடர் வானொலியில் பிறந்தது. 1952 முதல் 1961 வரை சிபிஎஸ் வானொலியில் அரை மணி நேர நாடகமாக ஓடியது, அதில் மார்ஷலுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். தொலைக்காட்சிக்கு ஆறடி ஏழு அங்குல உயரம் கொண்ட ஜேம்ஸ் ஆர்னஸ் வந்தார். ஆரம்ப சீசன்களின் கதைகளில் பெரும்பகுதி ஜான் மெஸ்டன் வானொலிக்கு எழுதியவை. காதால் மட்டுமே கேட்கிற ஒருவருக்கு அரை மணிக்குள் கதை சொல்ல வேண்டும் என்றால் வசனத்தில் கொழுப்பு இருக்க முடியாது. அந்த இறுக்கம் அப்படியே தொலைக்காட்சிக்கும் வந்திருக்கிறது. 1961இல் ஒரு மணி நேரமாக நீட்டினார்கள். மொத்தம் 635 எபிசோடில் முதல் 233 மட்டுமே அரை மணி நேரம் ஓடுபவை. எனக்கு உயிர் அந்த 233தான்.

எத்தனையோ எபிசோடில் மார்ஷல் நேரத்துக்கு வந்து சேருவதில்லை. வந்தாலும் செத்தவர் செத்தவர்தான். ஊர் டாக்டர் டாக் ஆடம்ஸாக வரும் மில்பர்ன் ஸ்டோன் கை கழுவிக்கொண்டே ஒன்றும் சொல்லாமல் திரும்புவார், நமக்குப் புரிந்துவிடும். மார்ஷலின் உதவியாள் செஸ்டராக டென்னிஸ் வீவர் ஒரு காலை மடக்காமல் இழுத்து நடப்பார், காபி போடுவார், "மிஸ்டர் தில்லன்" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவருவார். லாங் பிராஞ்ச் சலூனில், அதாவது மதுக்கடையில், கிட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த நாலு பேரும் அதிகம் பேசிக்கொள்வதே இல்லை. ஒரு சாவு நடந்த பிறகு நாலு பேரும் ஒரே மேஜையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே இந்தத் தொடரைப் பார்க்கலாம்.

மே மாதம் ஹேவ் கன் – வில் டிராவல். 1957 முதல் 1963 வரை, 225 எபிசோட், எல்லாமே அரை மணி. ரிச்சர்ட் பூன் நடித்த பாலடின், சான் பிரான்சிஸ்கோவில் கார்ல்டன் ஹோட்டலில் பட்டுச் சட்டையும் நல்ல சாப்பாடும் கவிதையுமாக வாழ்கிறவர். வேலை வந்தால் முழுக் கருப்பு உடை, இடுப்பு உறையில் சதுரங்கக் குதிரை முத்திரை, கையில் அதே குதிரை அச்சடித்த அட்டை. கூலிக்குத் துப்பாக்கி எடுக்கிற ஒருவர், எடுக்காமல் முடிக்க என்ன வழி என்று ஒவ்வொரு முறையும் தேடுகிறார். பணம் கொடுத்தவனே தப்பு செய்தவன் என்று தெரிந்தால் அவனுக்கு எதிராகவே திரும்பிவிடுவார். ரிச்சர்ட் பூன் அழகான முகக்காரர் இல்லை. மேடு பள்ளமான முகம், கனமான மூக்கு. அந்த முகத்திலிருந்து ஷேக்ஸ்பியர் வரும்போது நம்ப முடிகிறது. பிற்பாடு ஸ்டார் டிரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இதற்கு 24 எபிசோட் எழுதியிருக்கிறார்.

இதில் ஒரு உறுத்தலும் இருக்கிறது. ஹோட்டலில் வேலை செய்யும் சீனரை எல்லோரும் 'ஹே பாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நடித்தவர் காம் டாங், நல்ல நடிகர். முதல் சீசனில் அவரை மையமாக வைத்து ஒரு கதை வருகிறது. ரயில் பாதை வேலையில் அவருடைய அண்ணன் சாகடிக்கப்படுகிறான், இவர் நியாயம் கேட்டுக் கிளம்புகிறார். அவருக்கும் ஒரு சொந்தப் பெயர் இருப்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. அந்த ஒரு எபிசோடு முடிந்ததும் மறுபடி 'ஹே பாய்' ஆகிவிடுகிறார். அன்றைக்கு நோட்டில் நிறைய எழுதினேன்.

நடுவில் ஒரு தடங்கல். வாங்கிய ஒரு டிவிடி தொகுப்பில் எபிசோடெல்லாம் இருபத்திரண்டு நிமிடத்திலேயே முடிந்தன. பிற்காலத்தில் கூடுதல் விளம்பரம் போடுவதற்காக வெட்டிய மறு ஒளிபரப்புப் பிரதி அது. இருபத்தைந்து நிமிடக் கதையில் மூன்று நிமிடம் போனால் எலும்பே உடைந்துவிடுகிறது. ஒருவன் ஏன் மனம் மாறினான் என்பதைக் காட்டும் காட்சிதான் முதலில் வெட்டுப்படும். பார்க்கத் தொடங்குகிறவர்கள் ஓடும் நேரத்தைப் பார்த்து வாங்குங்கள். எனக்கு மூன்று வாரமும் பணமும் போனது.

தி ரைபிள்மேன் ஜூனில். சக் கானர்ஸ் நடித்த லூகஸ் மக்கெய்ன், நியூ மெக்ஸிகோவில் நார்த் ஃபோர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் மனைவி இல்லாமல் மகனை வளர்க்கிறவர். ஜானி கிராஃபோர்ட் நடித்த அந்தப் பையன் மார்க்தான் தொடரின் உயிர். அப்பாவைப் பார்க்கும் அவன் பார்வையில் பயமும் பெருமையும் ஒன்றாக இருக்கும். லூகஸின் துப்பாக்கி, கைப்பிடி வளையத்தைப் பெரிதாக்கி மாற்றியமைத்த 1892 மாடல் வின்செஸ்டர். கதை நடப்பது 1880களில் என்பதால் அந்தத் துப்பாக்கி அங்கே இருக்கவே முடியாது. அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. வாரா வாரம் மகன் கண்முன்னால் ஆட்களைச் சுட்டுவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் நல்ல புத்தி சொல்வதுதான் ஒட்டவில்லை. பிடித்த எபிசோடும் பிடிக்காத எபிசோடும் மாறி மாறி வந்த ஒரே தொடர் இது.

ஜூலை கடைசியில் நோட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. எழுதியவர் பெயரையும் குறித்துக்கொண்டே வந்திருந்தேன். கன்ஸ்மோக்கில் நட்சத்திரம் போட்ட சில எபிசோடுகளுக்குத் திரைக்கதை சாம் பெக்கின்பா. தி ரைபிள்மேனின் முதல் எபிசோடை எழுதியவரும் அவரே. டென்னிஸ் ஹாப்பர் இளைஞனாக வந்து குறிபார்த்துச் சுடும் போட்டியில் நிற்கிற கதை அது. சரி, இந்த ஆள் தானாகவே ஒரு தொடர் செய்திருப்பாரா என்று தேடினேன். செய்திருக்கிறார். 1960இல் என்பிசியில் வந்த தி வெஸ்டர்னர். பதின்மூன்றே எபிசோடில் நிறுத்திவிட்டார்கள்.

ஒன்பது மாதத்தில் கிடைத்த பொக்கிஷம் அதுதான். பிரையன் கீத் நடித்த டேவ் பிளாசிங்கேம் ஊர் ஊராக அலையும் ஒரு சாதாரணக் கூலி கௌபாய். கூட பிரவுன் என்று ஒரு பெரிய நாய். முதல் எபிசோடில், தனக்குத் தெரிந்த ஒரு பெண் சலூன்காரன் ஒருவனின் பிடியில் இருப்பதை அறிந்து அவளை மீட்டுக்கொண்டு போக வருகிறான். அடிதடி நடக்கிறது, அவன் ஜெயிக்கிறான், கதவு திறந்திருக்கிறது. அவள் போகவில்லை. அங்கேயே இருந்துவிடுகிறாள். அவன் தனியாக வெளியே வருகிறான். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நானும் அப்பாவும் பேசவே இல்லை. "பாவம்" என்று மட்டும் சொன்னார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அதற்கு நேர் எதிரான சந்தோஷம் மேவரிக். ஜேம்ஸ் கார்னரின் பிரெட் மேவரிக் சண்டையைக் கண்டால் ஒதுங்கிப் போகிற சீட்டாட்டக்காரர். 1958இல் வந்த ஒரு எபிசோடில், வங்கியில் போட்ட 15,000 டாலரை வங்கிக்காரரே விழுங்கிவிடுகிறார். பிரெட் தெருவோர நாற்காலியில் உட்கார்ந்து கட்டையைச் செதுக்கிக்கொண்டே இருக்கிறார். பணத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று ஊரே கேட்டுச் சிரிக்கிறது, அந்த வேலையில்தான் இருக்கிறேன் என்கிறார். அந்தப் பக்கம் தம்பி பார்ட்டும் கூட்டாளிகளும் வங்கிக்காரரை வலையில் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத் தொடர்களில் எனக்கு நேரம் போனதே தெரியாதது இது ஒன்றில்தான்.

இனி பிடிக்காதவை. முதலிடம் பொனான்ஸா. இதை எழுதினால் பலருக்கு வருத்தம் வரும் என்று தெரியும். 1959 முதல் 1973 வரை 431 எபிசோட், 1964 முதல் மூன்று சீசன் அமெரிக்காவில் முதலிடம். என்பிசியின் தாய் நிறுவனமான ஆர்சிஏ வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி விற்றுக்கொண்டிருந்ததால் முதல் நாளிலிருந்தே வண்ணம். டாஹோ ஏரியும் பைன் மரங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். கதையில் வரும் குடும்பத்தின் அப்பா பென்னுக்கு மூன்று மனைவிகள், மூவரும் இறந்துவிட்டார்கள், ஆளுக்கொரு மகன். அந்த மகன்கள் யாரையாவது விரும்பினால் அந்தப் பெண்ணும் எபிசோடு முடிவதற்குள் செத்துப்போவாள், இல்லை ஊரை விட்டுப் போவாள். அடுத்த வாரம் அவளை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான்கு பேரும் வருடக்கணக்கில் அதே உடை. பழைய காட்சிகளை மறுபடி ஒட்டுவதற்கு அது வசதி. மனசும் அதேபோல மாறாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பென்னாக நடித்த லோர்ன் கிரீனுக்கும் மூத்த மகனாக நடித்த பெர்னெல் ராபர்ட்ஸுக்கும் பதின்மூன்று வயதுதான் வித்தியாசம். அது தெரிந்த பிறகு அந்த உறவையும் நம்ப முடியவில்லை.

அப்பாவுக்கு எல்லாவற்றிலும் பொனான்ஸாதான் பிடித்தது. "நாலு ஆம்பளைங்க ஒரே வீட்டுல சண்டை போட்டுட்டு, திரும்ப ஒரே மேஜையில உக்காந்து சாப்பிடுறாங்க பாரும்மா" என்றார். இரண்டாவது மகன் ஹாஸ் வந்தாலே அவருக்கு முகம் மலரும். ஹாஸாக நடித்த டேன் பிளாக்கர் 1972இல் நாற்பத்து மூன்று வயதில் இறந்துபோனார் என்று சொன்னபோது நிஜமாகவே வருந்தினார். என் மதிப்பெண்ணை மாற்றவில்லை, ஆனால் பத்தோடு நிறுத்திவிடாமல் அவருக்காகத் தொடர்ந்தேன்.

தி லோன் ரேஞ்சரையும் பிடிக்காத பக்கத்தில்தான் எழுதினேன். முகமூடி, வெள்ளித் தோட்டா, எதிரியின் கையிலிருந்து துப்பாக்கியை மட்டும் சுட்டு வீழ்த்துவது எல்லாம் குழந்தைகளுக்கானவை, அதில் குறையில்லை. டோன்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் கனடாவில் பிறந்த மொஹாக் இனத்தவர். அப்படிப்பட்ட கம்பீரமான மனிதரை 1949 முதல் 1957 வரை உடைந்த ஆங்கிலம் பேச வைத்திருக்கிறார்கள். அவர் குதிரையில் உட்காரும் அழகைப் பார்த்துவிட்டு அந்த வசனத்தைக் கேட்கும்போது வலிக்கிறது. அவராவது பூர்வகுடி. மற்ற தொடர்களில் அதுவும் இல்லை. லா ஆஃப் தி பிளெயின்ஸ்மேன் தொடரில் அப்பாச்சி இன மார்ஷலாக வருபவர் சிரியாவில் பிறந்த மைக்கேல் அன்சாரா.

மீதியைச் சுருக்கமாகவே எழுதியிருக்கிறேன். ராஹைட் நன்றாக இருக்கிறது, மாட்டு மந்தையின் களைப்பும் தாகமும் உண்மையாகத் தெரிகின்றன. இளம் கிளின்ட் ஈஸ்ட்வுட்டைவிட மந்தைத் தலைவராக வரும் எரிக் ஃபிளெமிங்தான் என்னைக் கவர்ந்தார். வேகன் டிரெயினில் வார்ட் பாண்ட் இருக்கும்வரை பார்க்கலாம். அவர் 1960 நவம்பரில் இறந்த பிறகு, அந்தத் தலைவர் எங்கே போனார் என்று கதையில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் வேறொருவர் வந்துவிடுகிறார். தி வர்ஜீனியன் விளம்பரத்தோடு சேர்த்து தொண்ணூறு நிமிடம், ஆறோடு விட்டுவிட்டேன். கன்ஸ்மோக்கில் முதலில் நாலோடு நிறுத்தியதைத் தவிர, விதியை மீறியது அங்கே மட்டும்தான்.

இப்போது செப்டம்பர். திங்கள் முதல் வியாழன் வரை கன்ஸ்மோக், மூன்றாவது சீசனில் இருக்கிறோம். ஞாயிறு இரவு பொனான்ஸா, அது அப்பாவின் நேரம், ரிமோட்டும் அவர் கையில். தி வெஸ்டர்னரின் பதின்மூன்றில் இரண்டைப் பார்க்காமல் வைத்திருக்கிறேன். முடித்துவிட்டால் அதற்கு மேல் கிடையாது என்பதால் கை வரவில்லை.